கள்ளிச் செடியும் ஒரு வளையலும்

ஜெலாப்பாங்.

அன்புள்ள மருமகள் தினேஸ்வரிக்கு அத்தை மங்களம் எழுதுவது. சிலிம் ரிவரில் நீயும் உன் அம்மாவும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். போன் செய்தால் நீ எடுப்பாய், எனக்குத்தான் வாய் வராது.

இங்கே சாயங்காலமானால் மழை. உன் புருஷன் தனேஸ்வரன் ஃபேக்டரிக்குப் போய் வருகிறான். போட்ட சோறு பாதி தட்டிலேயே கிடக்கிறது.

உன் கள்ளிச் செடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிம்பாங் பூலாயில் நீ வாங்கியபோது ஒற்றை உருண்டை. அப்புறம் குட்டி குட்டியாகப் போட்டுச் சட்டியே நிறைந்துவிட்டது. உன் நாத்தனார் கலாதேவியின் வளைகாப்பன்று, ஆட்கள் வருகிறார்களே என்று நான்தான் அதை வாசலிலிருந்து தூக்கி லோங்காங் சாக்கடை ஓரம் வைத்தேன். தூண்டில் மாதிரி வளைந்த முள் சட்டைக் கையைப் பிடித்துக் கிழித்தது. அந்தக் கோபத்தோடு உள்ளே வந்தவள், கலாவுக்குப் போட நீ எடுத்த வளையலைப் பிடுங்கி, "முள்ளுச் செடி வளக்கிற கையால போட வேணாம்லா, அதான் இவ வயித்துல ஒண்ணும் தங்கல" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். நீ பையை எடுத்துக்கொண்டு உன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய்.

அன்றைக்கே தனேஸ் என்னை அடுப்படியில் நிறுத்தி, "கொற என்கிட்டதாம்மா. டாக்டர் எப்பவோ சொல்லிட்டாரு. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு அவதான் என்னைத் தடுத்தா" என்றான். என் மகன் மானத்தை நீ மூடிக் காத்தாய். நான் உன் மானத்தைக் கூடத்தில் ஏலம் போட்டேன். வெட்கமாக இருக்கிறதம்மா. பசாரில் தெரிந்தவர்கள் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

செடியை மறுபடி வாசலில் வைத்தேன். சாமிக்கு வைத்த செம்புத் தண்ணீர் கால் படும் இடத்தில் விழக்கூடாதே என்று தினமும் அதற்கே ஊற்றினேன், நீ வருவதற்குள் பூக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு. அடி அழுகிவிட்டது. அதிகம் தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று நீ சொன்னது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. தப்பிய இரண்டு குட்டிகளைப் பிரித்து நிழலில் வைத்திருக்கிறேன். ஒன்றில் ரோஸ் நிறத்தில் சின்னதாக ஒரு பூ. எனக்கு அதைப் பார்க்கவே கூசுகிறது.

வளைகாப்புக்கு வந்தவர்கள் வீடு வீடாகப் போய், நான் பேசியது தப்பு என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். அதை மட்டும் சொல்லவில்லை. நீ காத்ததை நானும் காக்கிறேன்.

நீயும் தனேஸும் நன்றாக இருக்க வேண்டும். நீ என்னை அத்தை என்று கூப்பிட வேண்டாம். வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி என்னை ஏசு. ஏசி முடித்ததும் உள்ளே வந்துவிடு தாயே.

இப்படிக்கு,
மங்களம்