வகையறா இல்லாத குதிரை

அன்பு மாறாத மாமாவுக்கு,

இருபத்து மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போதும். நீங்கள் உயிரோடு இருந்தவரை உங்கள் எதிரில் நான் பேசியதெல்லாம் "சாப்பிட்டீங்களா மாமா", "மாத்திரை போட்டீங்களா மாமா" என்ற இரண்டு வாக்கியங்கள்தான். வருகிற மாதத்தோடு நீங்கள் போய் ஒரு வருடம். இனிமேல் நீங்கள் குறுக்கே பேச முடியாது என்ற தைரியத்தில் மட்டும் இதை எழுதவில்லை. உங்களுக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. நான் ஜெயித்துவிட்டேன், மாமா.

குதிரை வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் கடைசியாகத் தெளிவாகக் கேட்டது அதுதானே? "கலை நடத்தற பள்ளிக்கு ஒரு குட்டக் குதிர வாங்கிக் குடுங்க. அந்தப் புள்ளைங்க தொட்டுப் பாக்கட்டும். ஆனா நல்ல வம்சமாப் பாத்து வாங்கணும்." நான் உங்கள் காலடியில் நின்றிருந்தேன். நீங்கள் உங்கள் மகனைப் பார்த்துச் சொன்னீர்கள்.

உங்கள் மகள் கலைச்செல்வி இன்னும் அந்தப் பள்ளியை நடத்துகிறாள். சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளம்தான் பள்ளி. பதினோரு குழந்தைகள். சிலருக்குப் பேச்சு தாமதம், சிலருக்கு நடை. பாதிப் பேர் பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து வேனில் வருகிறார்கள். நீங்கள் ஒரே ஒருமுறை வந்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர்களைப் பார்த்துக் கண் கலங்கினீர்கள். அன்றைக்கு உங்களை எனக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

வம்சம் என்ற சொல்லை உங்கள் வாயிலிருந்து நான் முதலில் கேட்டது வேறொரு நாளில். மாடம்பாக்கம் வீட்டின் கூடத்தில், உங்கள் குதிரை வெள்ளச்சியின் பெரிய படத்துக்கு எதிரே, பெண் கேட்டு வந்தவனாக உட்கார்ந்திருந்தேன். எனக்காகப் பேச வந்திருந்தவர், என்னை வளர்த்த தாம்பரம் விடுதியின் காப்பாளர். என் படிப்பைச் சொன்னார், காட்டாங்குளத்தூர்க் கல்லூரியில் வேலை கிடைத்ததைச் சொன்னார். நீங்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னீர்கள்: "தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. ஒரு மாடு வாங்கறதுன்னாக்கூடத் தாய் தகப்பன் கேட்டுத்தான் வாங்குவோம். நீங்க எந்த வகையறா?"

தாய் தகப்பன் யாரென்று எனக்கே தெரியாது என்பது உங்களுக்கு அதற்கு முன்பே தெரியும். தெரிந்தே கேட்டீர்கள். கலை மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து கல்யாணத்தை நடத்திக்கொண்டாள். அந்தப் பந்தியிலும் உங்கள் பங்காளி ஒருவர் சத்தமாகக் கேட்டார்: "மாப்ள எந்த வகையறாண்ணே?" இலையில் விழுந்திருந்த அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே பேச்சைச் சாம்பார் பக்கம் திருப்பினீர்கள். அந்த அப்பளச் சத்தம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

குதிரைக்கு வருகிறேன்.

உங்கள் மகன், என் மச்சான், செங்கல்பட்டைத் தாண்டி ஒரு பண்ணையில் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். வெள்ளை நிறம், தரையைத் தொடும் வால், காயடிக்காத பொலிகுதிரை. வெளிநாட்டு வம்சம் என்று நான்கு தலைமுறைப் பட்டியல் போட்ட பேப்பர் வேறு. நான் பார்த்து வைத்தது கோவளம் பக்கம். மூடிப்போன ஒரு கடற்கரைச் சொகுசு விடுதியில் குழந்தைகளோடு படம் எடுக்க நிறுத்தியிருந்த பழுப்புக் குதிரை. காயடித்தது. பிடரி மயிர் முடியும் இடத்தில் அளந்தால் முப்பத்து நான்கு அங்குலம், நம் வீட்டுச் சமையல் மேடை உயரம்கூட இல்லை. அதற்குப் பேப்பரும் இல்லை, தாய் தகப்பனும் தெரியாது.

"எந்த வகையறான்னே தெரியாத குதிரைய எப்படி மாப்ள வாங்கறது?" என்றார் மச்சான். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. உறைத்தும் திருத்திக்கொள்ளவில்லை.

உங்கள் கட்சிக்கும் ஒரு நியாயம் உண்டு, மாமா. விலங்கியல் சொல்லிக் கொடுப்பவன் அதை மறைக்கக் கூடாது. குட்டி போட வைப்பதற்காக வாங்கினால் வம்சம் பார்த்தே ஆக வேண்டும். இந்தக் குட்டைக் குதிரைகளின் ரத்தத்தில் ஒரு கோளாறு ஒளிந்திருக்கும். தாயும் தகப்பனும் பார்க்க அழகாக இருக்கும். இரண்டிலும் அது ஒளிந்திருந்தால் குட்டி கோணல் காலோடும் பொருந்தாத தாடையோடும் பிறக்கக்கூடும். கண்ணால் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் காயடித்த குதிரையின் ரத்தம் அதோடு முடிந்துவிடுகிறது. குழந்தைகள் பக்கத்தில் நிற்கப் போவது அதன் தாத்தா இல்லை. அதுதான் நிற்கப் போகிறது. அதன் கால், அதன் பல், அதன் குணம் இவ்வளவுதான் கேள்வி. பொலிகுதிரையைக் குழந்தைகளிடம் விடுவதே ஆபத்து என்றும் சொன்னேன்.

"காலேஜ்ல சொல்லிக்குடுங்க மாப்ள இதெல்லாம்" என்று சொல்லிவிட்டு, மச்சான் பேப்பரைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தார். "இத பாருங்க. அப்பன் வழித் தாத்தா பேரு. இந்தாண்ட அம்மா வழித் தாத்தா பேரு. ரெண்டும் ஒண்ணு! சொந்தத்துக்குள்ளயே குடுத்து வாங்கியிருக்காங்க. வெளி ரத்தமே கலக்கல."

அவர் முகத்தில் இருந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அசல் நீங்களேதான். கலையை அவளுடைய தாய்மாமனுக்குத்தான் கொடுப்பேன் என்று நீங்கள் ஒற்றைக்காலில் நின்றபோது உங்களுக்கும் இந்த முகம்தான் இருந்திருக்கும். ஒரே பெயர் இரண்டு பக்கமும் வந்தால் என் போன்றவன் பயப்படுவான். உங்கள் வீட்டில் அதைக் கும்பிடுவார்கள்.

நான் சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன். "ரெண்டு குதிரையையும் ஒரே நாள்ல நம்ம தெருவுல கொண்டாந்து நிறுத்துவோம் மச்சான். புள்ளைங்க இருக்கும்போது. கலை பாத்துச் சொல்லட்டும்." அவர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். தோற்றால் குடும்பம் முழுக்க இன்னொரு இருபது வருடம் என்னை வைத்துச் சிரிக்கும் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு இரண்டும் தனித்தனிக் குட்டி யானைச் சரக்கு வண்டிகளில் வந்து இறங்கின. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. வெள்ளைக் குதிரை இறங்கியதும் எல்லோரும் "ஆ" என்றார்கள். அழகுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். பண்ணை ஆளிடம் கேட்டுக்கொண்டு அதன் உதட்டை விலக்கிப் பார்த்தேன். கீழ்ப்பல் வரிசை மேல்வரிசையைத் தாண்டி முன்னால் நின்றது. "மச்சான், இங்க வந்து பாருங்க, பல்லு சேரவே இல்ல" என்றேன். "அதுக்குச் சிரிச்ச முகம் மாப்ள" என்றார்.

பழுப்புக் குதிரை நின்ற இடத்திலேயே ஒரு காலை ஓய்வாக மடித்துக்கொண்டு கண்ணை அரைவாசி மூடியது. சக்கர நாற்காலியில் இருந்த திவ்யா, ஒன்பது வயது, அதன் கழுத்தைப் பிளாஸ்டிக் சீப்பால் வார ஆரம்பித்தாள். "நெத்தியில ரெட்டச் சுழி இருக்குது. அப்பா இருந்தா வாசப்படி ஏத்த மாட்டாரு" என்று உங்கள் மகன் ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

அப்போதுதான் ஏரிப் பக்கமிருந்து மேளம் கேட்டது. சாவு ஊர்வலம். பின்தெருவில் யாரோ பெரியவர் இறந்திருக்கிறார். வாண வெடி, விசில், ஆட்டம், பாடை மேலிருந்து கை கையாக வாரி இறைக்கும் ரோஜா இதழ். தெருவில் இருந்த எல்லோரும் ஓரம் ஒதுங்கினோம். நான் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். முதல் வெடி எங்கள் வாசலுக்குப் பத்தடியில் வெடித்தது.

நான்கு தலைமுறைப் பேப்பர் இரண்டு காலில் எழுந்து நின்றது, மாமா. பண்ணை ஆளைத் தரையோடு இழுத்துக்கொண்டு போய், எங்கள் கேட்டை ஒரு உதை விட்டது. கேட்டின் கீழ்த் தகடு உள்ளே மடங்கிவிட்டது. நான் திரும்பிப் பார்த்தபோது மச்சானைக் காணவில்லை. பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவர் மேல் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஐம்பத்தாறு வயதில் அவ்வளவு உயரம் எப்படி ஏறினார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

நான் திவ்யாவிடம் ஓடினேன். ஓடியிருக்கத் தேவையில்லை. பழுப்புக் குதிரை காதை மட்டும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, அவள் நாற்காலிச் சக்கரத்தின் பக்கம் விழுந்த ரோஜா இதழ்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தது. திவ்யா அதன் கழுத்திலிருந்து சீப்பை எடுக்கவே இல்லை.

"ஐயையோ!" என்று மச்சான் சுவர் மேலிருந்து கத்தினார். "சாவுப் பூவத் தின்னுது பாரு! இத எவனாவது வாங்குவானா? வீட்டுக்கு ஆகுமா இது?"

கலை அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்: "அப்பா போனப்ப இதே பூவத்தானண்ணா அள்ளி அள்ளிப் போட்டோம்? அதத் தின்னா என்ன ஆயிடும்? நீ மொதல்ல எறங்கு. எனக்கு இதான் வேணும்."

அவ்வளவுதான். உங்கள் மகள் பேசினால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. அது உங்களிடமிருந்து வந்தது. ரத்தம் என்று ஒன்று இருக்கிறது என்பதை அந்த ஒரு இடத்தில் ஒத்துக்கொள்கிறேன்.

குழந்தைகள் அதற்குப் போண்டா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பக்கத்துக் காலி மனையில் கொட்டகை போட்டாயிற்று. தனியாக இருந்தால் ஏங்கிப் போகும் என்று துணைக்கு ஒரு வெள்ளாடு வாங்கினேன். யாரையும் அதன் மேல் ஏற விடுவதில்லை. வாருவது, தண்ணீர் வைப்பது, கயிற்றைப் பிடித்துத் தெருமுனை வரை நடப்பது, அவ்வளவுதான். திவ்யா பேசிவிட்டாள், நடந்துவிட்டாள் என்றெல்லாம் கதை அளக்க மாட்டேன். வேனிலிருந்து இறங்க அழுதவள் இப்போது அழுவதில்லை. அது எனக்குப் போதும்.

இதோடு கடிதத்தை முடித்திருப்பேன். போன வாரம் முருகேசன் வந்தார். உங்கள் குதிரைகளை முப்பது வருடம் பார்த்துக்கொண்ட அதே முருகேசன்தான். போண்டாவின் குளம்பைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றில் தட்டினார், "சோக்கா கீது சார்" என்றார்.

"வகையறா இல்லாத குதிரைங்க" என்றேன், கொஞ்சம் கசப்போடு.

"அய்ய, இன்னா சார் பெரிய வகையறா! ஐயாவோட வெள்ளச்சிக்கு மட்டும் இன்னா வகையறா இருந்துச்சு? தாம்பரத்துல டேரா போட்ட சர்க்கஸ்காரன் நோவு வந்துச்சுன்னு வுட்டுட்டுப் போனது. ஐயாவும் நானுந்தான் கயித்தக் கட்டி இட்டுகினு வந்தோம். அப்பறம் ஐயா எல்லார்கிட்டயும் ஜமீன் லாயத்துக் குதிர, ஏழு தலமொறன்னு அட்ச்சு வுட்டுகினு இருந்தாரு. நானும் ஆமா ஆமான்னுவேன்."

வெள்ளச்சி! கூடத்தில் பெரிதாகப் படம் மாட்டியிருந்தீர்களே, அந்த வெள்ளச்சி. வகையறா கேட்டு நீங்கள் என்னைக் குனிய வைத்த அன்றைக்கு உங்கள் தலைக்கு நேர் மேலே தொங்கிய அதே படம். நான் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். முருகேசன் பயந்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்கு மேல் அது சிரிப்பாக இல்லை.

யாரோ விட்டுவிட்டுப் போன குதிரையின் குணத்தைப் பார்த்துத்தானே கூட்டி வந்தீர்கள்? ஊர் வாயை மூட அதற்கு ஏழு தலைமுறையைக் கற்பனை செய்து கொடுத்தீர்கள். பந்தியில் அந்த மனிதர் கேட்டபோது எனக்கும் ஒன்று சொல்லியிருக்கலாமே, மாமா? ஏழு வேண்டாம். ஒரு தலைமுறை போதுமே. "என் வகையறா" என்று சொல்லியிருந்தால் அது பொய்யாகக்கூட இருந்திருக்காதே.

நேற்று வேன் ஓட்டுநர் போண்டாவைக் காட்டிக் கலையிடம் கேட்டார்: "இது எந்த வகையறா மேடம்?" அவள் வெள்ளாட்டுக்குத் தழை போட்டுக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "எங்க வகையறா."

ஆகவே, இது என் வாக்கு. நீங்கள் கேட்ட குதிரையை அதன் கடைசி நாள் வரை நான் பார்த்துக்கொள்வேன். வெள்ளச்சியின் கதையை மாடம்பாக்கத்தில் யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்க முடியாது. பாருங்கள், இப்போதே சொல்லியாயிற்று.

உங்கள் வருட நினைவுக்கு மலர் என்று ஒரு புத்தகம் போடப்போவதாக மச்சான் உறவுக்காரர்கள் எல்லோரிடமும் எழுத்து கேட்டிருக்கிறார். என்னைக் கேட்கவில்லை. போன வருடம் அவர் அடித்த கண்ணீர் அஞ்சலி பேனரில் மகன், மகள், பேரன், பேத்தி, பங்காளிகள் எல்லோரும் இருந்தார்கள். மருமகன் என்ற வரியே இல்லை. இருந்தாலும் இதை அவருக்கே அனுப்பப் போகிறேன். கீழே "இப்படிக்கு, உங்கள் மருமகன்" என்று எழுதிப் பெயரும் போட்டேன். பிறகு அந்த இடத்தை மட்டும் கிழித்துவிட்டேன். யாரென்று அவருக்குத் தெரியாமல் போகாது. இருந்தாலும் எந்த வகையறா என்று பார்க்காமல் எழுதியதை மட்டும் ஒருமுறை பார்க்கட்டும். உறையில் விலாசம் எழுதிவிட்டேன், தபால்தலையும் ஒட்டியாயிற்று. கையெழுத்து இல்லாமலே பெட்டியில் போடுகிறேன்.