இரண்டு பேருக்கான கட்டில்

9 மார்ச், ஞாயிறு

கட்டில் முடிந்துவிட்டது. பலகைக் கடையில் அளவுக்கு அறுத்து வாங்கிய பைன் மரச் சட்டங்களை இன்று முழுவதும் ஸ்க்ரூ போட்டு இணைத்தேன். வீட்டுக்கார ஆன்டி அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு ஆளுக்கு ஏம்மா இவ்ளோ பெரிய கட்டிலு? மாப்பிள்ளை பாத்தாச்சா? சொல்லு லா!"

சிரித்து வைத்தேன். கிள்ளானில் எங்கள் வீட்டில் அப்பாவிடம் அடி வாங்கிக்கொண்டிருக்கும் அம்மாவுக்காக என்று எப்படிச் சொல்வது? இந்த அறையில் இன்னொருவர் தங்க ஆன்டி சம்மதிப்பாரா என்றுகூட நான் கேட்கவில்லை. அம்மாவே இன்னும் வருகிறேன் என்று சொல்லவில்லை.

மாலையில் கட்டிலைப் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. மெதுவாகப் பேசினார்.

"நீயா செஞ்ச? ரெண்டு பேரு படுத்தா தாங்குமா?"

"நடுவுல ஒரு கால் வச்சிருக்கேம்மா. தாங்கும்."

அம்மாவின் குரல் இன்னும் தாழ்ந்தது.

"அடியில என் துணிப்பை நுழையுமா?"

நுழையும் என்று நான் சொல்லும்போதே, "யாருகிட்ட பேசுற?" என்று அப்பாவின் குரல். போன் கட் ஆகிவிட்டது.

திரும்பக் கூப்பிடப் பயமாக இருக்கிறது, அப்பா எடுத்துவிடுவார். நான் சொன்னது அம்மாவுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.