பனியில் கழன்ற சப்பாத்து

ஜூலை, சனி இரவு. மலை விடுதி.

சிட்னியிலிருந்து ஆறு மணித்தியாலம் கார் ஓடி வந்து, பனியில் போலோ பார்த்தோம். மகள் எடுத்துத் தந்த டிக்கெட். குதிரைகள் பனியைக் கிளப்பிக்கொண்டு ஓடியது அழகாகத்தான் இருந்தது. இப்போது கண்ணுக்குள் நிற்பது அதுவல்ல.

இடைவேளையில் பார்க்க வந்தவர்களே மைதானத்தில் இறங்கி, குளம்புகள் கிண்டிய பனியை மிதித்துச் சமப்படுத்துவது வழக்கமாம். என் கணவரும் இறங்கினார். கோயிலிலும் ஆட்கள் வீட்டிலும் கழற்றிப் போட லேசு என்று எப்போதும் போடும் நாடா இல்லாத சப்பாத்துதான் காலில். பூட்ஸ் வாடகைக்கு எடுப்போம் என்றேன். கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது ஒரு காலில் சப்பாத்து இல்லை. சொக்ஸ் நனைந்து பனி ஒட்டியிருந்தது. குதிரை பராமரிக்கும் பெண் ஒருத்தி சப்பாத்தை நடு மைதானத்திலிருந்து எடுத்து வந்து தந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"கால் குளிரேல்லையே?" என்று கேட்டேன்.

"எப்ப கழண்டதெண்டே தெரியேல்லையப்பா."

பதினைந்து வருடச் சீனி வருத்தம், நீரிழிவு. கால் மரத்துப்போகிறதா என்று பார்க்கும் டொக்டரின் அப்பாயின்ட்மென்ட்டை இந்தப் பயணத்துக்காகத் தள்ளிவைத்தது நான்தான்.

இப்போது கட்டிலில் படுத்து ஃபோன் பார்க்கிறார். கால் என் பக்கம். சற்று முன் இந்தப் பேனை முனையை அவர் பெருவிரலில் வைத்து அழுத்தினேன். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். நீலமாக ஒரு புள்ளி விழுந்தது.

"எழுதி முடிஞ்சுதே? லைற்றை நூத்துப்போட்டுப் படுப்பமே?" என்கிறார், ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல்.