பாதம் கழுவிய புதன்கிழமை

இயேசு மரி சூசை துணை

டில்லி,
பெரிய வியாழனுக்கு முந்தின நாள், சாயங்காலம்

என் அன்புள்ள உதயா அப்பாவுக்கு,

சாந்தகுமாரி எழுதுவது. நானும் உதயாவும் சுகமாக இருக்கிறோம். அந்த மலையில் பனி குறைந்ததா, உங்கள் முழங்கால் வலி விட்டதா என்பதுதான் எங்கள் கவலை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் சைட்டில் மேஸ்திரியின் போன் ஒன்றுதான் பேசுகிறது. சுற்றி நாலு பேர் நின்றால் உங்களுக்கு வீராப்பு வந்துவிடும். நான் வாயைத் திறப்பதற்குள் கத்திவிட்டு வைத்துவிடுகிறீர்கள். கடிதம் என்றால் முடிக்கும்வரை குறுக்கே பேச முடியாது. லீவில் வந்த உங்கள் சைட் லட்சுமணன் அண்ணன் நாளைக்கு அங்கே திரும்புகிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன். கூடவே எலுமிச்சை ஊறுகாயும் இருக்கிறது. எல்லோருக்கும் பங்கு வைத்துவிட்டு வெறும் டப்பாவை வழித்துக்கொண்டிருக்காதீர்கள்.

விஷயம் உதயாவைப் பற்றியது. நான் வேலை செய்கிற வீட்டுக் காமாக்ஷி மாமியின் தங்கை சுபாஷிணிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ள உதயாவை நொய்டாவிலேயே தங்குகிற மாதிரி அனுப்பச் சொல்கிறார்கள் என்று போன ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். நல்ல வீடு, நல்ல சாப்பாடு, பொம்பளப் பிள்ளைக்கு எட்டாவது போதும், அனுப்பு என்றீர்கள். நான் ஒன்றும் பேசவில்லை. பேசாததைச் சம்மதம் என்று நினைத்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது. அதற்குள் இங்கே நடந்ததைக் கேளுங்கள்.

உதயாவின் பள்ளியைப் பற்றி உங்களுக்குத் தெரியும். காலையில் பீஸ் கட்டுகிற பிள்ளைகள், மத்தியானம் நம் பிள்ளைகள். ஒரே பெஞ்சு, ஒரே கரும்பலகை, ஆனால் ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. தவக்காலம் வந்தால் காலைப் பிள்ளைகள் பழைய ஸ்வெட்டரும் பிஸ்கட்டும் கொண்டுவருவார்கள், நம்மவர்கள் வரிசையில் நின்று வாங்குவார்கள், போட்டோ எடுப்பார்கள். புதிதாக வந்திருக்கும் பிரின்சிபால் சிஸ்டர் ரெஜினா, தூத்துக்குடிக்காரர், அதை நிறுத்திவிட்டார். கொடுக்கிற கை மேலே, வாங்குகிற கை கீழே என்று நாமே பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுகிறோம் என்றாராம். அதற்குப் பதிலாக, ஆண்டவர் சீடர்களின் பாதத்தைக் கழுவியதுபோல, காலைப் பிள்ளையும் மத்தியானப் பிள்ளையும் ஜோடியாக உட்கார்ந்து ஒருவர் பாதத்தை ஒருவர் கழுவ வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் உதயாவுக்கு யார் ஜோடி தெரியுமா? மாமியின் மகள் அபூர்வா!

நேரே சிஸ்டரிடம் போனேன். அந்த வீட்டு எச்சில் தட்டை நான் கழுவுகிறேன், பாத்ரூமைக் கழுவுகிறேன், என் மகளும் அந்த வீட்டுப் பிள்ளையின் காலைக் கழுவ வேண்டுமா, உங்களுக்கு அது ஆண்டவர் செய்து காட்டிய காரியம், எங்களுக்கு அது தினப்படி வேலை சிஸ்டர் என்று சொல்லிவிட்டேன். சிஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, "எனக்கு இது தோணவே இல்லம்மா. அபூர்வா மட்டும் கழுவட்டும், உதயா கழுவ வேண்டாம்" என்றார்.

அப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். அந்தப் பிள்ளை தொடப்போகிற கால் அழுக்காக இருக்கலாமா? நேற்று உதயாவின் பாதத்தைப் பீர்க்கங்காய் நார் வைத்துத் தேய்த்து, வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவினேன். நான் மட்டுமா? நம் சந்தில் எல்லா அம்மாக்களும் இதே வேலையாகக் குழாயடியில் நின்றோம், தண்ணீருக்குச் சண்டையே வந்துவிட்டது. பவுனு அக்கா தன் மகளுக்குக் கால் நகத்தில் பாலிஷ்கூடப் போட்டுவிட்டாள். கழுவுவதற்கென்று ஒன்றும் மிச்சமில்லை. சிஸ்டர் இன்றைக்கு அந்தக் கால்களைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

பள்ளியில் இரண்டு பக்கத்து அம்மாக்களும் சுற்றி நிற்க, அபூர்வா முட்டி போட்டு உட்கார்ந்து தண்ணீர் ஊற்றினாள். உள்ளங்காலைத் தொட்டதும் உதயாவுக்குக் கூச்சம், நெளிந்தாள். இரண்டும் சேர்ந்து சிரித்தன. துண்டால் துடைத்தாயிற்று, அப்பாடா என்று நினைத்தேன். உங்கள் மகள் எழுந்து, சொம்பை வாங்கிக்கொண்டு, அபூர்வாவை நாற்காலியில் உட்காரவைத்து அவள் காலைக் கழுவினாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே. எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது.

காமாக்ஷி மாமியும் அழுதார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன அழகா இருந்தது பாத்தியா குமாரி, ரெண்டும் அக்கா தங்கை மாதிரி" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அதே மூச்சில், "உதயாவை என்னிக்கு நொய்டாவுக்கு அனுப்பறே? சுபாஷிணி தூக்கமில்லாம தவிக்கறா" என்றார். மாமி கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் ரசம் வைத்துக் கொடுத்துவிடுகிறவர்தான். அந்த அக்கா தங்கையில் ஒருத்தி ஒன்பதாவது போவாள், இன்னொருத்தி பால் புட்டி கழுவப் போவாள் என்பது அவருக்கு உறைக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கிருந்துதான் அந்தப் பதில் வந்ததோ! உதயா அப்பா சம்மதிக்க மாட்டார் மாமி, மகளைப் படிக்கவைத்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார் என்று சொல்லிவிட்டேன். மாமியின் முகம் சுருங்கியது. அச்சா, சார் பேசிப் பார்க்கட்டும் என்றார். மாமியின் வீட்டுக்காரர் வைத்தி சார் ஈஸ்டர் அன்றைக்கு வாழ்த்துச் சொல்கிற சாக்கில் மேஸ்திரி போனில் உங்களைக் கூப்பிடுவார். என் வேலை என்னாகும் என்று தெரியவில்லை. கோல் மார்க்கெட் இல்லையென்றால் கரோல் பாக், எனக்கு வீடா கிடைக்காது?

வரும் வழியில் உதயாவைத் திட்டினேன். நான்தான் வேண்டாம் என்று சொல்லிவைத்திருந்தேனே, நீ ஏன் கழுவினாய் என்று கேட்டேன். "அரே அம்மா, அவ கழுவினா, நானும் கழுவினேன். சம்பளத்துக்கா கழுவினேன்?" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அந்தக் கை நொய்டாவில் சம்பளத்துக்குக் கழுவுவதை என்னால் பார்க்க முடியாதுங்க.

மாமியிடம் சொன்னதையே உதயாவிடமும் சொல்லியிருக்கிறேன். அப்பாவா அப்படிச் சொன்னார் என்று இரண்டு தரம் கேட்டாள். ஆமாம் என்றேன். அதிலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டு பாத்திரம் தேய்க்கிறாள்.

பாறை உருளும் இடத்திலும் பனி சரியும் இடத்திலும் மாதா உங்களைத் தன் முந்தானையில் மூடிக் காப்பாளாக. வைத்தி சார் கேட்கும்போது பக்கத்தில் யார் நின்றாலும் சரி, நான் சொன்ன பொய்யை நீங்கள் மெய்யாக்கிவிடுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
சாந்தகுமாரி