மிஷின் வெட்டாத கை

பாசமுள்ள சூசை அண்ணனுக்கு,

உன் முப்பதாம் நாள் பூசைக்கு அச்சடிக்கும் நினைவு மலரில் இந்தக் கடிதம் வரும். முதல் பக்கத்தில் உன் படம், கடைசிப் பக்கத்தில் துக்கத்துக்கு வந்தவர்களுக்கு நன்றி. நடுப் பக்கத்தில் வழக்கமாக யாராவது நாலு வரி கவிதை எழுதுவார்கள். அண்ணி அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் முழுக்க இன்னாசி எழுதட்டும், ஊரே படிக்கட்டும் என்பது அவர் தீர்ப்பு.

ஆகவே ஊர் படிக்க எழுதுகிறேன். பத்தொன்பது வருஷமாக ஊரார் நம்பிவந்தது போல உன் இடது கையை மிஷின் வெட்டவில்லை. நான்தான் வெட்டினேன். மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்குகிற அந்த மிஷினை, ராசியில்லாதது என்று சொல்லி அடுத்த மாசமே பழைய இரும்புக்குப் போடவைத்தார்கள். பாவம், ஒன்றும் அறியாத மிஷின் அது.

ஆத்தூரில் எனக்குப் பெண் பார்த்து, தேதி குறிக்கிற அளவுக்குப் பேச்சு வந்திருந்தது. அந்த நேரத்தில் நீ தனியாகப் பஸ் ஏறிப் போய் பெண்ணின் அப்பாவிடம், "என் தம்பி நல்லவனுங்க. ஆனா கோவம் வந்துதுன்னா கண்ணுமண்ணு தெரியாதுங்க. பொண்ணக் குடுக்கறதுக்கு முன்னாடி யோசிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்தாய். அந்த ஆள் எனக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தார்.

நான் வந்தபோது நீ கட்டுத்தரையில் மாடுகளுக்குத் தட்டு போட்டுக்கொண்டிருந்தாய்.

"ஆத்தூருக்குப் போனியா?"

"போனேன்."

"என்ன சொன்ன?"

"உள்ளதச் சொன்னேன். அந்தப் புள்ளயும் ஒரு ஊட்டுப் புள்ளதானே, இன்னாசி?"

கூரையில் செருகியிருந்த கொடுவாளை உருவினேன். நான் வீசியது உன் கழுத்துக்கு. இதையும் ஊர் படிக்கட்டும். கைக்கு இல்லை, கழுத்துக்கு. நீ கையைக் குறுக்கே கொடுத்தாய். மணிக்கட்டுக்கு மேலே இறங்கி எலும்பில் நின்றது. நீ தட்டு நறுக்கும் கட்டையின் மேல் சாய்ந்து விழுந்தாய், கை கட்டை மேல் கிடந்தது. நான் இன்னொரு தடவை வெட்டினேன்.

முதல் வெட்டைக் கோபத்தின் தலையில் கட்டலாம். இரண்டாவதை யார் தலையில் கட்டுவது? இந்தக் கேள்விக்கு இத்தனை வருஷத்தில் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. உனக்குக் கிடைத்ததா?

கை சாணியில் விழுந்தது. உன் ரத்தம் என் வாய்க்குள் தெறித்தது, அதன் உப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பசு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. நான் கையைப் பொறுக்கி எடுத்து மாட்டுத் தொட்டித் தண்ணீரில் முக்கிச் சாணியைக் கழுவினேன். சுத்தமாக இருந்தால் ஒட்டவைத்துவிடுவார்கள் என்று நினைத்த மடையன் நான். பால் வண்டியில் உன்னைப் போட்டுக்கொண்டு சேலத்துக்குப் பறந்தோம். துண்டைச் சுற்றிய கையோடு நீ என் மடியில் கிடந்தாய். பாதி வழியில் கண்ணைத் திறந்து பேசினாய்.

"மிஷின்னு சொல்லீரு. நானும் அதயே சொல்றேன். உங்க அண்ணிக்கு ஏழு மாசம். போலீசு, கேசுன்னு அவளால அலைய முடியாது."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாகும்வரை நீ அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அது மன்னிப்பா அண்ணா, இல்லை நீ எனக்குக் கொடுத்த தண்டனையா? பல்லால் வேட்டியைக் கடித்துப் பிடித்துக்கொண்டு நீ இடுப்பில் சுற்றுவாய். உதவ வந்தால் "தள்ளிப் போடா" என்பாய். ஒற்றைக் கையால் பால் கறப்பாய், பசு உதைக்கும், நீ சிரிப்பாய். அதைப் பார்க்க முடியாமல் நாலு வருஷம் போர்வெல் போடும் ரிக் வண்டியில் ஏறி, வடக்கே கண்ட காட்டிலும் போர் போட்டுக்கொண்டு திரிந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

கையை ஒட்டவைக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அப்போது கோயிலில் செபம் சொல்லிவைத்த உபதேசியார் அதைக் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார். "ஞானஸ்நானம் வாங்கின ஒடம்புங்க. குப்பையில வீசறதுக்கு இது என்ன கோழிக் காலா? இதுவும் ஒரு நாளைக்கு எந்திரிக்கோணும்" என்றார். கவரைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் தைரியம் இல்லை. அப்படியே ஒரு செருப்பு டப்பாவில் வைத்து, பழைய மதில் ஓரமாகக் குழி தோண்டி, செபம் சொல்லி மூடினோம். முதல் பிடி மண் போட்டது நான்.

அதன்பிறகு கல்லறைத் திருநாள்தோறும் நீ அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, உன் கைக்கும் ஒன்று ஏற்றுவாய். "ஏனுங்க, எல்லாரும் செத்தாத்தான் இங்க வருவாங்க. நான் தவணைல வாரேன்" என்பாய். ஊரே சிரிக்கும். நான் மெழுகுவத்தியைக் காற்று அணைக்காமல் கையை வைத்து மறைத்துக்கொண்டு நிற்பேன்.

உனக்கு அந்த நம்பிக்கை அப்படி இருந்தது. பூசையில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது, செத்த உடம்பு மறுபடி உயிர்க்கும் என்று வரும் இடத்தில் மட்டும் உன் குரல் ஓங்கும். ஆவி மட்டும் மேலே போகும் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவாய். "செத்து மூணாம் நாள் எந்திரிச்சு வந்த ஆண்டவரு என்ன கேட்டாரு? திங்க என்ன இருக்குதுன்னு கேட்டாரு. மீனு தின்னாரு. அப்ப அங்கயும் ஒடம்பு உண்டு, பசி உண்டு, சோறும் உண்டு. ரண்டு கையாலயும் பெசஞ்சு திம்பேன் பாத்துக்க" என்பாய்.

ஒரு தடவை ஈஸ்டர் ராத்திரிப் பாஸ்கா பூசையில் அப்போதிருந்த சாமியார் பிரசங்கம் வைத்தார். ஆண்டவர் புது உடம்போடு எழுந்து பூட்டிய கதவுக்குள் வந்தார், ஆனால் ஆணி அடித்த காயம் அந்த உடம்பிலும் இருந்தது, சந்தேகப்பட்ட சீடரை அதில் விரலை விடச் சொன்னார் என்றார். நீ தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாய். காயம் அங்கேயும் மறையாது என்றால் என் கதி என்ன? மோட்சத்தில் ஆயிரம் பேர் நடுவில் நீ கையைத் தூக்கினால் நான் போட்ட வெட்டு எல்லோருக்கும் தெரியுமே. அன்றிலிருந்து என் செபம் ஒன்றே ஒன்றுதான். ஆண்டவரே, அவன் எழும்போது கை முழுசாக இருக்கட்டும், தழும்பே இல்லாமல் இருக்கட்டும். உனக்காகச் செபித்தேன் என்று நினைக்காதே. எனக்காக.

போன மாசம் பால் சொசைட்டிக்குப் போகிற வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், பிறகு எழவில்லை. மறுநாள் சாயங்காலம் அடக்கம். குழி வரிசைப்படி புதுக் கேட் பக்கம் தோண்டுவதாகச் சொன்னார்கள். கை மதில் ஓரம் கிடக்கிறது, குழியை அங்கே போடுங்கள் என்றேன். அங்கே இடமில்லை என்றார்கள். அப்படியென்றால் கையைத் தோண்டியெடுத்துப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்றேன். அது எதற்கு என்றார்கள். நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் மதில் ஓரத்தை இடிக்க ஆரம்பித்தேன்.

தோளைப் பிடித்து இழுத்த பையனை முழங்கையால் இடித்தேன். பல் ஒன்று உடைந்து மண்ணில் விழுந்தது. அவனும் இதைப் படிப்பான், அவன் காலில் விழுகிறேன். சாமியார் ஓடி வந்தார். அவர் ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"அண்ணே, கடப்பாரையக் கீழ வைங்க. கடல்ல மீனுங்க தின்னுட்ட ஒடம்பையும் எழுப்பப் போறவருக்கு, இந்த நாலு எலும்பு எங்க கெடக்குன்னு தெரியாதா? நீங்க குச்சிக்கிழங்கு நடறவங்கதானே. வெட்டின துண்டத்தானே மண்ணுல நடறீங்க. முழுச் செடியாத்தானே வருது?"

நல்ல பேச்சுதான். ஆனால் வெட்டின துண்டு என்று அவர் சொன்னதும் எனக்கு மண்டைக்குள் என்னவோ ஆகிவிட்டது. அவர் அங்கியைக் கழுத்தோடு பிடித்து மதிலில் சாத்தினேன். பொத்தான் தெறித்தது. கடப்பாரை என் இன்னொரு கையில் இருந்தது. நான் எதுவரைக்கும் போயிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும், நீ ஆத்தூரில் சொன்னாய்.

அப்போது அண்ணி வந்தார். வீட்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை யாரோ கூட்டிவந்திருந்தார்கள்.

"அவர உடு," என்றார். விட்டேன். "மிஷின்ல போன கைக்கு, சாமியார அடிக்கற அளவுக்கு உனக்கு என்ன வந்துச்சு?"

கல்யாணமாகி வந்ததிலிருந்து "தம்பி வாங்க, சாப்புடுங்க" என்று மட்டுமே என்னிடம் பேசியவர் அவர். இத்தனை வருஷம் அந்தச் சோற்றை நான் தின்றேன். அன்றைக்கு என்னால் முடியவில்லை.

"மிஷின் இல்லீங்க அண்ணி. நான்தான். கொடுவாள்ல. ரண்டு வெட்டு."

அண்ணி குழி வெட்ட வைத்திருந்த மம்பட்டியை எடுத்தார். காம்பால் அடித்தார். முதுகில், தோளில், தலையில், மறுபடி தோளில். தோள்பட்டைக்குள் எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. நாற்பது பேர் நின்றார்கள், ஒருத்தரும் தடுக்கவில்லை. பல் போன பையன்கூடத் தலையைத் திருப்பிக்கொண்டான். அடித்துக் களைத்துப்போய், நான் தோண்டிய குழியில் மண்டியிட்டுக் கையாலேயே மண்ணை வாரினார். செருப்பு டப்பா மக்கிப் போயிருந்தது. ஆஸ்பத்திரிக் கவர் மட்டும் அப்படியே இருந்தது. அதற்குள் உன் எலும்புகள் கலகலவென்றிருந்தன.

அதை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்து என்னைப் பார்த்தார்.

"பொட்டியத் தொட்டீன்னா உன் கைய ஒடிச்சுப் போடுவேன்."

வீட்டில் பெட்டிக்குள் உன் சட்டையின் இடது கை ஓரமாக அந்த எலும்புகளை அண்ணியே அடுக்கினாராம். நான் பார்க்கவில்லை. நீ போகும்போது கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே ரோட்டோரம் நின்றேன். உன் மகன் முன்னால் தோள் கொடுத்தான். நான் நிற்க வேண்டிய இடத்தில் அந்தப் பல் போன பையன் நின்றான். கூடப்பிறந்தவன் செத்து அவனைச் சுமக்க முடியாமல் நிற்பது இருக்கிறதே, அது யாருக்கும் வரக்கூடாது அண்ணா. எனக்கு வந்தது நியாயம்.

மூன்றாம் நாள் அண்ணியிடம் போய் வாசலில் நின்றபடி, போலீசில் போய்ச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

"அது உன் பாடு. ஆனா அங்க ஒரு ரூமுக்குள்ள ஒக்கார வெச்சு நாலு பேரு கேப்பாங்க. எனக்கு ஊரே கேக்கோணும். மொதல்ல எழுது," என்றார். இன்னும் அந்த வீட்டுக்குள் நான் போகவில்லை. உன் மகன் என்னைக் கண்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறான். அவன் போகட்டும், அவன் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

சாமியார் என்னைப் பார்க்க வந்தார். தோளில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். மன்னிப்புக் கேட்டேன், பரவாயில்லை என்றார். பிறகு அந்தப் பாஸ்கா பூசையிலிருந்து நெஞ்சில் கிடந்ததைக் கேட்டேன். "என் அண்ணன் எந்திரிக்கறப்ப அந்த வெட்டு இருக்குமுங்களா, சாமி?"

"தெரியலண்ணே. ஆண்டவருக்கு இருந்துச்சு" என்றார். அந்த மனிதர் தெரியாததைத் தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அன்றிலிருந்து என் பழைய செபத்தை விட்டுவிட்டேன். தழும்பு போய்விட்டால் நான் செய்ததும் போய்விடும் என்றுதானே இத்தனை நாள் வேண்டிக்கொண்டேன்? பத்தொன்பது வருஷம் உன்னைப் பொய் சொல்லவைத்தது போதாதென்று, மோட்சத்திலும் ஒரு பொய்யை உன் உடம்பிலேயே எழுதிவைக்கப் பார்த்தேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்த நாளில் நீ எழும்போது கை உன்னோடு ஒட்டியிருக்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒட்டின இடத்தில் வெட்டு தெரியட்டும். ஆண்டவர் அதைப் பிடித்துப் பார்த்து இது எப்படி என்று கேட்பார். அப்போது நீ வாயைத் திறக்காதே, அண்ணா. பழக்கத்தில் மிஷின் என்று சொல்லிவிடுவாய். நீ சும்மா இரு. நான் வந்து பக்கத்தில் நின்று நானே சொல்கிறேன். இரண்டு வெட்டு என்றும் சொல்கிறேன்.

உன் கூடப்பிறந்தவன்,
உன்னை வெட்டியவன்,
தம்பி இன்னாசி