சின்னவளுக்குப் பதிலாக

மார்ச் 3

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத ஆசைதான், அம்மா எழுத விடவில்லை. படுத்த படுக்கையாகிவிட்டாள். டாக்டரும் கையை விரித்துவிட்டார். ஆராய்ச்சி என்று பெட்டியோடு வந்து எங்கள் வீட்டில் தங்கி, அம்மாவுக்கு இரண்டாவது மகளாகவே ஆகிப்போனவள் நீ. பெற்ற மகள் நான் பக்கத்தில் இருக்க, "சின்னவ எப்ப வருவா?" என்றுதான் கேட்கிறாள். எனக்குப் பொறாமைதான், போ. உடனே புறப்பட்டு வா.

உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்ததிலிருந்து வகுப்பில் என்ன பேசுகிறேன் என்றே தெரியவில்லை. ஆனால் மானிடவியல் துறைத்தலைவர் பதவிக்கு இந்த மாதக் கடைசியில் நேர்காணல். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். இதை விட்டால் இனி இல்லை. அம்மாவிடம் பக்குவமாகச் சொல். எனக்குப் பதிலாக என் ஆராய்ச்சி மாணவியை அனுப்புகிறேன். தங்கமான பெண். உனக்கும் ஒத்தாசையாக இருக்கும், அவள் ஆய்வுக்கும் உதவும். கோபித்துக்கொள்ளாதே.

உன் சின்னவள்

ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

பதவி கிடைத்த அன்றைக்கே மாணவி திரும்பி வந்து, அம்மா போய்விட்டதைச் சொன்னாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஒரு தகவல் சொல்லக் கூடாதா? நானும் மகள்தானே. அடுத்த வாரம் வருகிறேன். என் மாடியறையைப் பெருக்கி வை.

உன் சின்னவள்

ஏப்ரல் 8

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

பதவி உயர்வுக்கு வாழ்த்துகள்.

நீங்கள் அனுப்பிய பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு ராத்திரியெல்லாம் விசிறினாள். கடைசி நாள், கண் மங்கிய அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சின்னவளே, வந்துட்டியா" என்றாள்.

"இல்லம்மா, நான் அவங்க ஸ்டூடண்ட்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் தலையணைப் பக்கம் ரெக்கார்டரை வைத்தாள். "பெறாத பிள்ளைய மகள்னு எப்பம்மா முடிவு பண்ணீங்க?" என்று கேட்டாள். கேட்கச் சொன்னது நீங்கள்தானாம்.

அம்மா என்னைப் பார்த்து, "இவ என்னடி கேக்குறா?" என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை.

தகவல் சொல்லவில்லை என்கிறீர்கள். உங்கள் ஆள் பக்கத்திலேயே இருந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டுதானே இருந்தாள்.

மாடியறையில் இப்போது என் பையன் படிக்கிறான். ஆராய்ச்சிக்கு வருவதென்றால் தாராளமாக வாருங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜ் இருக்கிறது. சுத்தமாகவே வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
காலஞ்சென்றவரின் ஒரே மகள்