எல்லாத்துக்கும் சம்மதம்

ஹாலிஎல
2025 ஆகஸ்ட் 4

அன்பு கலாராணிக்கு,

நீயும் வீட்டுல எல்லாரும் சுகமா? என் பாடு நல்லா இல்லடி. பாலர் பாடசாலை வேலை போயிடுச்சு. சேர்ந்து மூணே நாள். "வலிப்புக்கு மாத்திரை குடிக்கிறவங்களை நம்பிப் பிள்ளைகளை விட முடியாது"ன்னு மேடம் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாங்க. ஆறு வருஷமா ஒருக்காகூட எனக்கு வலிப்பு வரல. எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது, உனக்கும் நான் சொன்னதில்ல. இவங்களுக்கு யார் சொன்னா?

பொங்கலுக்குப் பூனாகலை வந்தப்ப நீதானே எனக்கு அந்த போன் அடையாள அட்டையைப் பதிஞ்சு தந்த? பிளாக்செயின், நம்ம விவரம் நம்ம கையில, கேட்டதை மட்டும் காட்டலாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னியே. அதுல ஏதும் கோளாறா? விசாரிச்சு எழுது. போன்ல பேசினா இவர் காதுல விழும்.

உன் நிஷாந்தினி

பூனாகலை
ஆகஸ்ட் 9

அன்பு நிஷா,

கோளாறு அட்டையில இல்லடி, என்கிட்டதான்.

அட்டையைத் திறக்கிற பன்னிரண்டு சொல்லை நான் எழுதிக் கொடுத்தா ஒருத்தரும் வீட்டுக்குக் கொண்டு போகல. சேமலாப நிதிக் கடதாசியைச் சங்கத் தலைவர்கிட்ட கொடுத்து வைக்கிற மாதிரி, "நீயே வச்சுக்கம்மா"ன்னு தோட்டத்துல நான் பதிஞ்சு கொடுத்த நாற்பது பேரும் என் கொப்பியிலயே விட்டுட்டாங்க. நீயும்தான். பாடசாலையில படிப்புச் சான்றிதழ் கேட்டப்ப, "நீயே அனுப்பி விடுடி"ன்ன. அன்னைக்கு காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு முடிஞ்சு என்கிட்ட ஒரே கூட்டம். அவசரத்துல "எல்லாத்துக்கும் சம்மதம்"னு அமத்திட்டேன். அட்டையில இருந்த உன் கிளினிக் விவரமும் சேர்ந்து போயிடுச்சு. உன் அட்டையை நான் திறந்தது அந்த ஒரு தடவைதான், சத்தியமா.

உன் சொல் எழுதின தாளைக் கொப்பியில இருந்து கிழிச்சு இதோட வச்சிருக்கேன். மன்னிச்சிருடி.

கலா

ஹாலிஎல
ஆகஸ்ட் 17

கலாராணிக்கு,

தாள் கிடைச்சது. அட்டையை நானே திறந்து பாடசாலைக்குக் கொடுத்த சம்மதத்தை ரத்து பண்ணிட்டேன். ஏற்கெனவே அதைப் படிச்சவங்க மனசுல இருந்து எப்படி எடுக்கிறது?

யாரு எப்ப திறந்தாங்கன்னு அதுல ஒரு பட்டியல் இருக்கு. அதை யாராலயும் அழிக்க முடியாதாம். உன் போன்ல இருந்து ஏழு தடவை. முதல் தடவை பெப்ரவரியில. அப்ப நான் வேலைக்கு விண்ணப்பமே போடல.

சத்தியம் வேற பண்ணியே. ஏன்டி?

நிஷாந்தினி

பூனாகலை
ஆகஸ்ட் 23

நிஷா,

ஏழும் நான்தான்.

முதல்ல சும்மாதான் பார்த்தேன். கிளினிக் விவரத்தைக் கண்டதும் ஆத்திரம் வந்துச்சு. ஒரே தட்டுல சாப்பிட்டவ, இதை என்கிட்ட மறைச்சிட்டாளேன்னு. நீயா சொல்லுவன்னு காத்திருந்தேன். அப்புறம் மாசாமாசம் மாத்திரை எடுத்தியான்னு பார்த்தேன். அக்கறைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். வெட்கமா இருக்குடி.

கூட்டம், அவசரம்னு எழுதினதும் பொய். உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுதான் அமத்தினேன். ஒரு நிமிஷக் கோபம்.

மத்த முப்பத்தொன்பது பேரோட தாளையும் வீடு வீடாப் போய்த் திருப்பிக் கொடுத்துட்டேன். மேடத்தைப் பார்த்து உனக்காகப் பேசலாம்னு நேத்து பஸ் ஏறினேன். பாதி வழியில, பண்டாரவளையிலயே இறங்கிட்டேன். பேசினா, உன் விஷயத்தை இன்னொரு தடவை உன்னைக் கேட்காம வெளியில சொன்னதா ஆயிடும்.

போகவா, வேணாமா? நீ சொல்றபடி செய்றேன். ஒன்னுமே சொல்லாட்டி, வேணாம்னு எடுத்துக்கிறேன்.

கலாராணி